மாடி அறையில் ஒன்பதாம் வகுப்பு

நவம்பர் 11, திங்கள்

கோபிகா, உன் நோட்டில் எழுதுவதற்கு என்னை மன்னித்துவிடு. உன்னைக் கேட்காமல்தான் எடுத்தேன். பதினொரு பக்கம் எழுதியிருக்கிறாய். பன்னிரண்டாம் பக்கத்தில் தேதியை மட்டும் போட்டுவிட்டுப் போயிருக்கிறாய். செடியின் கணக்கு நடுவில் விட்டுப்போகக் கூடாதே என்றுதான் பேனாவை எடுத்தேன். நீளத்தைத் தவிர வேறு எதுவும் எழுத மாட்டேன்.

மதியம் மாடி அறைக்குப் போனேன். புத்தகக் கட்டுகளுக்குப் பின்னால் உன் செருப்பு டப்பா அப்படியே இருந்தது. திறக்கப் பயமாக இருந்தது. ஐந்து நாளாகத் தண்ணீர் இல்லை. ஆனாலும் மொச்சை உயிரோடு இருக்கிறது. வெளிறிப்போய், நூல் மாதிரி மெலிந்து, பக்கவாட்டில் நீ போட்ட ஓட்டையைப் பார்த்து வளைந்திருக்கிறது. என் பாட்டிலில் இருந்து இரண்டு மூடித் தண்ணீர் ஊற்றினேன்.

நீளம்: 17 செ.மீ. உன் கடைசிக் கணக்கு 9.

நவம்பர் 12, செவ்வாய்

18½ செ.மீ. தூறல்.

நவம்பர் 14, வியாழன்

20 செ.மீ.

இன்று குழந்தைகள் தினம். காலைக் கூட்டத்தில் ஆளுக்கொரு மிட்டாய் கொடுத்தார்கள். பிறகு சிறப்புத் தேர்வு வைத்தோம், பத்தாம் வகுப்பு அறிவியலில் நூறு ஒரு மதிப்பெண் வினாக்கள். ஒன்பதாம் வகுப்பு 'பி' பிரிவில் நாற்பத்தோரு பேர் எழுதினார்கள். வருகைப் பதிவேட்டில் இன்னும் நாற்பத்திரண்டு பெயர் இருக்கிறது. உன் பெயர் வரும் இடத்தில் நான் ஒரு நொடி நிறுத்துகிறேன். பிள்ளைகளும் மூச்சை நிறுத்துகிறார்கள். பிறகு அடுத்த பெயரைப் படிக்கிறேன்.

நீளத்தை மட்டும்தான் எழுதுவேன் என்று சொல்லியிருந்தேன். முடியவில்லை. உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் என்றைக்காவது வேறு யாராவது இந்த நோட்டைப் பிரித்தால் அவர்களுக்குப் புரிய வேண்டும்.

எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு கிடையாது. கதவின் மேல் பலகை உண்டு, பதிவேடு உண்டு, பிள்ளைகள் உண்டு. ஜூன் மாதம் பள்ளி திறந்த அன்றே அவர்கள் கையில் பத்தாம் வகுப்புப் புத்தகத்தைக் கொடுத்துவிடுவோம். பொதுத்தேர்வு பத்தில்தான் வருகிறது, அதனால் ஒரே புத்தகத்தை இரண்டு வருடம் படிக்க வைக்கிறோம். அதிலும் கேள்வி வராத பாடங்களுக்குப் பென்சிலால் பெருக்கல் குறி. ஒன்பதாம் வகுப்புப் புத்தகங்கள் கட்டுப் பிரிக்காமல் மாடி அறையில் பூட்டி இருக்கும். பதினைந்து வருடமாக நூற்றுக்கு நூறு தேர்ச்சி. பேருந்து நிலையத்தில் அதற்கு ஒரு பெரிய பலகை வைத்திருக்கிறார்கள். பழைய பலகை ஒன்றில் என் படமும் இருந்தது. இரட்டைச் சடை, 487 மதிப்பெண்.

நானும் இதே பள்ளிதான். ஒன்பதாம் வகுப்பு என்றால் என்னவென்று எனக்கும் தெரியாது. நான் படித்தபோது பதினொன்றாம் வகுப்பும் கிடையாது. கல்லூரியில் தாவரவியல் முதல் நாள் வகுப்பில், "இதெல்லாம் லெவன்த்துலயே படிச்சிருப்பீங்க" என்று ஆரம்பித்தார்கள். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

நவம்பர் 18, திங்கள்

24 செ.மீ. நுனி ஓட்டையைத் தொட்டுவிட்டது.

முதல்வர் மேடம் கூப்பிட்டு அனுப்பினார். மேசை மேல் மாற்றுச் சான்றிதழ்ப் படிவம் ஒன்று இருந்தது. அவர் கையெழுத்தும் பள்ளி முத்திரையும் முன்கூட்டியே போட்டாகிவிட்டது. எப்போதும் அப்படித்தான், விவரங்களை எழுதுவது என் வேலை. உன் பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி, மச்ச அடையாளங்கள். உன் வலது முழங்கைக்குக் கீழே ஒரு மச்சம் இருக்கிறது என்பது இன்றுதான் எனக்குத் தெரியும்.

உன் அப்பா ஏழாம் தேதியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டாராம். சொந்த விருப்பத்தில் பிள்ளையை நிறுத்திக்கொள்வதாக. திருட்டு என்று வெளியே சொல்ல மாட்டோம் என்று மேடம் அவரிடம் வாக்குக் கொடுத்தாராம். ஆனால் 'மாணவரின் ஒழுக்கமும் பண்பும்' என்ற கட்டத்தில் 'திருப்தியில்லை' என்று எழுதச் சொன்னார். அதைப் பார்த்தால் வேறு எந்தப் பள்ளியும் சேர்த்துக்கொள்ளாது என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

நிதானமாக எழுதித் தருகிறேன் மேடம் என்றேன். எனக்கு எப்போதும் அவ்வளவுதான் வரும்.

வெளியே வரும்போது என் கையெழுத்தைப் பாராட்டினார். "உன் கையெழுத்த எங்க பாத்தாலும் எனக்குத் தெரிஞ்சிரும் பாண்டீஸ்வரி. பத்தாவதுல பரிச்சப் பேப்பர்ல பாத்தது, அப்படியே இருக்கு."

மதியம் சாப்பாடு இறங்கவில்லை. தக்காளி சாதம், காலையிலேயே அம்மா கட்டிக் கொடுத்தது. கெட்டுப்போயிருக்கலாம்.

நவம்பர் 19, செவ்வாய்

25. எல்லாக் கட்டங்களையும் எழுதிவிட்டேன், ஒன்றைத் தவிர.

நவம்பர் 22, வெள்ளி

நுனி வெளியே வந்துவிட்டது. டப்பாவுக்கு வெளியே 2 செ.மீ.

காலை ஏழரைக்கு வேடசந்தூர் ரோடு நிறுத்தத்தில் நிற்பேன். நூற்பு மில் வேன் அந்த நேரத்துக்குத்தான் வரும். உன் அம்மா அங்குத்தாய் அக்கா அதில் வருவதைத் தினமும் பார்த்திருக்கிறேன். சில நாள் என்னைப் பார்த்து, "பிள்ள நல்லாப் படிக்கிறாளா டீச்சர்" என்று ஜன்னல் வழியாகக் கேட்பார். வேன் கிளம்பிவிடும், பதில் சொல்ல நேரம் இருக்காது.

இன்று அவர் கேட்கவில்லை. பக்கத்தில் நீ இருந்தாய். அவர் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாய். தலையில் மில் துணி கட்டியிருந்தது.

ஆரோக்கியசாமி சார் (கணக்கு) உன் ஊர்க்காரர். அவரிடம் மெதுவாக விசாரித்தேன். மில் கேன்டீனில் தட்டுக் கழுவ விட்டிருக்கிறார்களாம். அரசுப் பள்ளியில் உன் அம்மா போய்க் கேட்டிருக்கிறார். மாற்றுச் சான்றிதழ் கொண்டு வாருங்கள், நடத்தை எப்படி என்று பார்த்துவிட்டுச் சேர்த்துக்கொள்கிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

சான்றிதழ் என் கைப்பையில் இருக்கிறது.

நவம்பர் 25, திங்கள்

வெளியே 5 செ.மீ. வெளியே வந்த பகுதியில் இலை விரிகிறது. உள்ளே இருக்கும் தண்டு இன்னும் வெள்ளை.

மூன்றாம் பீரியடில் ஜன்னலுக்கு வெளியே மீன்கொத்தி ஒன்று வந்து கம்பியில் உட்கார்ந்தது. நீலம் என்றால் அப்படி ஒரு நீலம். நான் பாடத்தை நிறுத்திவிட்டுக் காட்டினேன். நாற்பத்தோரு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு முன் பெஞ்சில் இருந்து ஒருத்தி கேட்டாள், "மிஸ், இது வருமா?"

வராது என்றேன். எல்லோரும் புத்தகத்துக்குத் திரும்பிவிட்டார்கள்.

ஆசிரியர் அறையில் இதைச் சொன்னபோது ஆரோக்கியசாமி சார் சிரித்தார். "மழ வருமான்னு கேட்டாலே இதுங்க ரெண்டு மார்க்கா அஞ்சு மார்க்கான்னுதான் கேக்கும் டீச்சர்." எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

சாயங்காலம் உன் பழைய தேர்வுத்தாள் ஒன்று அலமாரியில் கிடைத்தது. கேள்வி: நீராவிப்போக்கு என்றால் என்ன? நீ எழுதியிருந்தாய்: "செடி விடும் வியர்வை. எங்கள் வீட்டு முருங்கைக் கிளையில் பாலிதீன் பையைக் கட்டி வைத்தேன். மறுநாள் பைக்குள் தண்ணீர் இருந்தது. அம்மா பை கிழிந்திருக்கும், மழைத் தண்ணீர் என்றார். அன்று மழை இல்லை."

பக்கத்தில் சிவப்பு மையில் ½. அதற்குக் கீழே: 'முக்கியச் சொற்கள் இல்லை.' மிக அழகான கையெழுத்து, என்னுடையது.

மற்ற நாற்பத்தோரு பேருக்கும் அந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண். அதில் பதினேழு பேர், 'படம் 14.3-ஐப் பார்க்க' என்பதையும் சேர்த்து எழுதியிருந்தார்கள். படம் யாரும் வரையவில்லை.

நவம்பர் 26, செவ்வாய்

பிள்ளைகள் ஒரு விஷயம் சொல்கிறார்கள். மதியத்தில் மாடி அறையில் இருந்து பக்கம் புரளும் சத்தம் கேட்கிறதாம். மாடி அறைக்கு நேர் கீழேதான் நம் வகுப்பு. "மேல கோபிகா படிக்கிறா மிஸ்" என்றாள் ஒருத்தி. யாரும் சிரிக்கவில்லை.

காற்றாக இருக்கும், ஜன்னல் ஒன்றைச் சரியாகச் சாத்த முடியாது என்றேன்.

அந்த ஜன்னலை நான்தான் திறந்து வைத்திருக்கிறேன். செடிக்காக. ஆனால் மதியத்தில் பக்கம் புரட்டுவதும் நான்தான் என்று அவர்களிடம் சொல்லவில்லை. செடியை அளந்த பிறகும் நேரம் இருக்கிறது, அங்கே புத்தகம் இருக்கிறது.

நவம்பர் 27, புதன்

மழை விடுமுறை. அளக்கவில்லை.

ஆய்வு நடந்த அன்றைக்கு என்ன நடந்தது என்று எழுதி வைக்கிறேன். ஆறாம் தேதி.

ஆய்வுக்குக் கல்வி அதிகாரி வருகிறார் என்ற தகவல் முந்தின நாளே வந்துவிடும். வந்தால் முதல் பீரியடில் மாடியில் இருந்து ஒன்பதாம் வகுப்புப் புத்தகங்களை இறக்கி எல்லோருக்கும் கொடுப்போம். புத்தம்புதுசாக இருந்தால் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் அவற்றைப் பழசாக்க வேண்டும். அட்டையை மடக்கு, நடுவில் வைத்து அழுத்து, மூலைகளைச் சுருட்டு, பெயர் எழுது, பத்துப் பக்கத்துக்கு ஒரு இடத்தில் அடிக்கோடு போடு. எந்த வரி என்பது முக்கியமில்லை. வருடத்தில் பிள்ளைகள் சத்தம் போட்டுச் சிரிக்கும் பீரியட் அது ஒன்றுதான். ஒருத்தி புத்தகத்தின் மேல் ஏறி உட்கார்ந்து குதித்தாள். இன்னொருத்தி தண்ணீர் தொட்டுத் தடவினாள். யார் புத்தகம் அதிகம் பழசு என்று போட்டி. ஜெயித்தவளுக்கு நான் கை தட்டினேன்.

உன் புத்தகத்துக்கு மட்டும் யாரும் எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை.

அதிகாரி வயதானவர். நாற்காலியில் உட்காராமல் வகுப்புக்குள் நடந்தார். ஜன்னலோரம் இருந்த குரோட்டன் தொட்டியைக் காட்டி, "இது ஏன் வெளிப் பக்கமாவே சாயுது?" என்று கேட்டார். வகுப்பில் ஒருவர் முகத்திலும் எதுவும் இல்லை. நீ எழுந்தாய். வெளிச்சம் படாத பக்கம் அதிகமாக வளர்வதால் தண்டு வெளிச்சத்தின் பக்கம் வளைகிறது என்று, புத்தகத்தில் இருக்கும் ஒரு சொல்லும் இல்லாமல், கையை வளைத்துக் காட்டிச் சொன்னாய். டப்பாவுக்குள் ஒரு மொச்சை வைத்திருப்பதாகவும் காலையில் அது ஒன்பது சென்டிமீட்டர் என்றும் சொன்னாய்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. உன் மேசைக்கு வந்து உன் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். யார் நடத்தியது என்று கேட்டார்.

"யாரும் நடத்தல சார். இது எங்களுக்கு வராத பாடம். நானா படிச்சேன்."

நீ அதைப் பெருமையாகத்தான் சொன்னாய். அவர் புத்தகத்தை மூடி வைத்தார். வேறு யாருடைய புத்தகத்தையும் எடுக்கவில்லை. சிறிய டைரியில் ஏதோ குறித்துக்கொண்டார். அந்தக் குறிப்பு என்ன ஆனது என்று எங்களுக்கு இதுவரை தெரியாது.

அவர் போன பிறகு முதல்வர் அறையில் உன்னை விசாரித்தார்கள். மாடி அறைச் சாவி உனக்கு எப்படிக் கிடைத்தது, யார் கொடுத்தது. நீ திரும்பிப் பார்த்தாய். ஒரு நொடி இருக்குமா? பிறகு சுவரைப் பார்த்துச் சொன்னாய், "நானேதான் எடுத்தேன் மேடம்."

நான் கதவோரம் நின்றிருந்தேன். வகுப்பாசிரியர் என்பதால்.

நவம்பர் 29, வெள்ளி

வெளியே 9 செ.மீ. இரண்டு இலை, பச்சை.

வேனில் இன்றும் நீ இருந்தாய். விழித்திருந்தாய். நான் நிழற்குடைத் தூணுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன். மழைச்சாரல் அடித்தது.

டிசம்பர் 3, செவ்வாய்

மேடம் மறுபடி கூப்பிட்டார். அரையாண்டுத் தேர்வு திங்கட்கிழமை ஆரம்பம். அதற்குள் உன் பெயர் பதிவேட்டில் இருக்கக் கூடாது, சராசரியில் சேர்ந்துவிடும். வெள்ளிக்கிழமைக்குள் சான்றிதழ் போய்ச் சேர வேண்டும்.

சரி மேடம் என்றேன்.

டிசம்பர் 4, புதன்

நவம்பர் 27-ஆம் தேதி எழுதியதைத் திரும்பப் படித்தேன். அதில் சாவியைப் பற்றி எழுதியதைப் படித்தால் சாவி தானாகவே நடந்து உன் கைக்கு வந்தது போல இருக்கிறது. திருத்தி எழுதுகிறேன்.

ஆகஸ்டில் ஒரு மதியம் நீ என்னிடம் வந்து, ஒன்பதாவது புத்தகத்தில் என்ன இருக்கும் மிஸ் என்று கேட்டாய். எனக்குத் தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. மாடி அறைச் சாவி என் பொறுப்பு. வா பார்க்கலாம் என்றேன். இரண்டு பேரும் ஒரு கட்டைப் பிரித்தோம். அந்தப் புது மை வாசம். நீ அறிவியலை எடுத்தாய், நான் உன் தோளுக்கு மேலே இருந்து படித்தேன். பிறகு நானும் ஒன்று எடுத்துக்கொண்டேன்.

அதன் பிறகு தினமும் மதியம் போனோம். எனக்குக் கூட்டம் இருந்த நாட்களில் சாவியை உன் கையில் கொடுத்தேன். நான் கொடுத்தேன். உனக்குப் புரியாத இடத்தில் நீ பென்சிலால் கேள்விக்குறி போடுவாய். நான் அன்றிரவு என் கல்லூரிப் புத்தகங்களில் தேடி, மறுநாள் உன் புத்தக ஓரத்திலேயே பதில் எழுதி வைப்பேன். சில இடத்தில் எனக்கும் தெரியவில்லை. அங்கே நானும் ஒரு கேள்விக்குறி போட்டேன். இருபத்து நான்கு வயதில் எனக்கு ஒன்பதாம் வகுப்பு நடந்தது.

அந்தப் புத்தகத்தை ஆய்வு நடந்த அன்று மாலையே மேடம் வாங்கி மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டார்.

டிசம்பர் 5, வியாழன்

வெளியே 14 செ.மீ. சாய்ந்து விழாமல் இருக்க ஒரு ஈர்க்குச்சி நட்டேன்.

காலையில் அம்மாவிடம், எனக்கு இந்த வேலை போய்விட்டால் என்ன செய்வாய் என்று விளையாட்டாகக் கேட்டேன். அவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அப்பா மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார். ஆனாலும் தெருவில் எங்கள் வீட்டை 'டீச்சர் வீடு' என்றுதான் சொல்கிறார்கள். என் முதல் பட்டதாரிச் சான்றிதழை அம்மா லேமினேட் செய்து சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டி வைத்திருக்கிறார். அவருக்குப் படிக்கத் தெரியாது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு முறை என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். இந்தக் குடும்பத்தில் இதற்கு முன் யாரும் பட்டம் பெறவில்லை என்று எழுதியிருக்கிறது என்றேன். "அதுதான் ஊருக்கே தெரியுமே, அதுக்கு எதுக்கு சீல்" என்றார்.

வெங்காயத்தை உரித்து முடித்துவிட்டுக் கேட்டார்.

"ஏண்டி ஈஸ்வரி, என்ன தப்புப் பண்ணுன?"

ஒன்றுமில்லை என்றேன்.

"ஒண்ணுமில்லாததுக்கா ஒரு மாசமா சோத்தத் திருப்பிக் கொண்டாற?"

டிசம்பர் 6, வெள்ளி

மூன்று மணிக்கு மேடத்தின் அறைக்குப் போனேன். நான்கு வரி எழுதிக் கொண்டுபோயிருந்தேன், பேச வராது என்பதால். சாவியை மாணவியிடம் கொடுத்தது நான்தான், அவள் மேல் எந்தத் தவறும் இல்லை, இப்படிக்கு.

அவர் படித்துவிட்டுக் கோபப்படவில்லை. இழுப்பறையைத் திறந்து உன் புத்தகத்தை எடுத்து மேசை மேல் வைத்தார். ஒரு பக்கத்தை விரித்து ஓரத்தைத் தொட்டுக் காட்டினார். என் எழுத்து. பென்சிலாக இருந்தாலும் என் எழுத்துதான்.

"எனக்கு ஆறாந் தேதியே தெரியும்."

பின்னே ஏன் மேடம் அவளை, என்று ஆரம்பித்தேன். முடிக்க வரவில்லை. அவரே முடித்து வைத்தார்.

"நீ எனக்கு வேணும்மா. உன்ன நான் உருவாக்கினேன். அந்தப் பொண்ணு புத்திசாலிதான், நான் இல்லேங்கல. ஆனா அதுக்குப் பதில் எழுத வராது. அடுத்த வருசம் ஒண்ணு ரெண்டு மார்க்குல போயிரும், அந்த போர்டு போயிரும். போர்டப் பாத்துத்தான உங்க அப்பாவும் மூட்டய எறக்கி வச்சிட்டு உன்னக் கூட்டிட்டு வந்தாரு?"

அது பொய்யில்லை. பத்தாம் வகுப்புக்குப் பிறகு என் மதிப்பெண்ணைப் பார்த்து இரண்டு வருடம் இலவசமாகப் படிக்க வைத்தவர் அவர். அவர் இல்லாவிட்டால் நானும் அந்த வேனில்தான் போயிருப்பேன். ஒரு மாதமாக நான் வாயைத் திறக்காததற்குப் பயம் மட்டும் காரணமில்லை. இதுவும்தான்.

கடிதத்தை நான்காக மடித்து என்னிடம் திருப்பிக் கொடுத்தார். திங்கட்கிழமை தேர்வு மேற்பார்வைக்கு எட்டரைக்கே வந்துவிடு என்றார். சான்றிதழை எழுதி முடித்து ஆபீஸில் கொடுத்தால் பியூன் கொண்டுபோய்ச் சேர்ப்பார் என்றார். நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன் மேடம், பிள்ளை வீடு எனக்குத் தெரியும் என்றேன். தலையாட்டினார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. எனக்கும் அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்.

ஆசிரியர் அறையில் உட்கார்ந்து கடைசிக் கட்டத்தை எழுதினேன். 'நன்று.' என் எழுத்தை எங்கே பார்த்தாலும் அவருக்குத் தெரிந்துவிடும்.

பிறகு மாடிக்குப் போய் டப்பாவை எடுத்துக்கொண்டேன். பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி உடைந்துவிடக் கூடாதே என்று ஜன்னல் பக்கம் திருப்பி வைத்தேன். பக்கத்து இருக்கையில் இருந்த ஒரு அம்மா, டப்பாவுக்குள்ள இருந்து செடி வருதே என்று ஆச்சரியப்பட்டார்.

டிசம்பர் 8, ஞாயிறு

உன் வீட்டுக்குப் போனேன். நீ இல்லை. ஞாயிற்றுக்கிழமையும் கேன்டீனுக்கு வரச் சொல்லியிருக்கிறார்களாம்.

உன் அப்பா தங்கபாண்டி அண்ணன் வாசலில் கொத்துவேலைக் கரண்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தார். கைலியில் சிமென்ட் காய்ந்திருந்தது. எழுந்து பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். உன் அம்மா தண்ணீர் கொண்டுவந்தார். உன் அப்பாவிடம் சான்றிதழை நீட்டினேன்.

"திருட்டுப் பட்டம் வாங்குனவளுக்கு எதுக்கு டீச்சரம்மா இதெல்லாம்" என்றார். வாங்கவில்லை.

வெள்ளிக்கிழமைக் கடிதத்தைக் கொடுத்தேன். அதை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். "எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். நேரமாகும். நீங்களே சொல்லுங்க."

அப்படித்தான் நான் சொல்ல வேண்டியதாயிற்று.

"அவ திருடலண்ணே. சாவி நான் குடுத்தது. கேட்டப்ப நான் வாயத் தெறக்கல."

அவர் சுவரில் சாய்த்து வைத்திருந்த மட்டக்கோலைப் பார்த்தார். பூச்சு வேலைக்கு வைத்திருக்கும் நீளமான மரக்கட்டை.

"இதாலதான் அடிச்சேன்" என்றார். "மூணு அடி. யாரு சாவி குடுத்தா சொல்லு சொல்லுன்னு. ஒண்ணுமே சொல்லலயே."

உன் அம்மா என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் சொம்பை வாங்கிக்கொண்டு சாதாரணமாகத்தான் கேட்டார்.

"தெனம் வேன்ல என் தோள்லதான் தூங்கும். நீங்க அந்த ஸ்டாப்புலதான நிப்பீங்க. பாத்திருப்பீங்கள்ல?"

பார்த்தேன் என்றேன்.

"படிச்ச பிள்ள நீங்க" என்றார். உள்ளே போய்விட்டார். அடுப்பில் ஏதோ கொதிக்கும் சத்தம் கேட்டது.

உன் அப்பா கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு சான்றிதழை வாங்கினார். எந்தக் கட்டம் என்று கேட்டார். காட்டினேன். விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தார். நன்-று. மறுபடி ஒரு முறை படித்தார். நாளைக்கு வேலைக்குப் போகவில்லை, பத்து மணிக்கு அவளை அரசுப் பள்ளிக்குக் கூட்டிப்போகிறேன் என்றார். நடு வருசத்தில் ஏன் வந்தாய் என்று அங்கே கட்டாயம் கேட்பார்கள், என்ன சொல்ல என்று என்னைக் கேட்டார். நடந்ததைச் சொல்லுங்கள் என்றேன்.

"நான் சொன்னா யாரு நம்புவா. அவளயே சொல்லச் சொல்றேன்."

டப்பாவை அங்கேயே வைத்துவிட்டு வந்திருக்கலாம். நோட்டை எழுதி முடித்து அதோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று திரும்ப எடுத்து வந்துவிட்டேன்.

டிசம்பர் 9, திங்கள். காலை

டப்பாவுக்கு வெளியே 17 செ.மீ. உள்ளே 25. மொத்தம் 42. இலை ஐந்து. உள்ளே இருக்கும் தண்டு வெள்ளையாகவே இருக்கிறது, அது இனி பச்சையாகுமா என்று புத்தகத்தில் தேடினேன், போடவில்லை. நீ பார்த்துச் சொல்.

அம்மாவிடம் நேற்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் இன்னும் என்னோடு பேசவில்லை. ஆனால் சோறு கட்டி வைத்திருக்கிறார்.

ஏழரைக்கு நிறுத்தத்தில் நிற்பேன், தூணுக்குப் பின்னால் இல்லை. வேனில் உன் அம்மா வருவார். இந்த நோட்டையும் டப்பாவையும் அவர் கையில் கொடுத்துவிடுகிறேன். இங்கே ஆள் ஏற்றிக்கொண்டு வேன் திரும்பும்போது மறுபடி உன் தெருமுனையில் நிற்கும், அங்கே நீ வாங்கிக்கொள்ளலாம் என்று உன் வீட்டில் நேற்றே சொல்லி வைத்திருக்கிறேன். பிறகு பள்ளிக்குப் போய் மாடி அறைச் சாவியை மேடத்தின் மேசை மேல் வைப்பேன். பக்கத்தில் நான்காக மடித்த அந்தக் கடிதத்தையும். அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்று தெரியவில்லை.

நீ பத்து மணிக்குள் இதைப் படித்துவிட வேண்டும். வேகமாகப் படிப்பாய், எனக்குத் தெரியும்.

என்னை மன்னிக்கும்படி நான் கேட்கப் போவதில்லை. முதல் பக்கத்தில் கேட்டது நோட்டுக்காக. ஆனால் ஒன்று கேட்க வேண்டும். ஒரு மாதமாக இத்தனை பக்கம் எழுதியதே அதைக் கேட்காமல் இருப்பதற்காகத்தானோ என்று இப்போது தோன்றுகிறது.

அந்தப் பள்ளியில் தலைமை ஆசிரியர் உன்னிடம் சாவியைப் பற்றிக் கேட்பார். உனக்குப் பழகிவிட்டது, சுவரைப் பார்த்து மறுபடியும் 'நானேதான் எடுத்தேன்' என்று சொல்லிவிடுவாய். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. அப்படிச் சொல்லாதே கோபிகா. யார் கொடுத்தது என்று கேட்டால் என் பெயரைச் சொல். சயின்ஸ் மிஸ் என்று சொன்னால் போதாது. பாண்டீஸ்வரி என்று சொல்.